வாடகை வீடு: ஓனர் உங்களிடம் சொல்ல வேண்டியது என்னென்ன?

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கேள்வி எல்லாம் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். சொந்த ஊர் எது, எங்கே வேலை, வீட்டில் எத்தனை பேர், கல்யாணம் ஆகிவிட்டதா, சைவமா அசைவமா, வண்டி எத்தனை. ஆதார் நகல் கொடுங்கள், ஆபீஸ் அடையாள அட்டை கொடுங்கள், இரண்டு போட்டோ கொடுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, அட்வான்ஸையும் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, வீட்டுக்காரரைப் பற்றி நம் கையில் இருப்பது ஒரு போன் நம்பர் மட்டும். பல நேரம் அதுவும் புரோக்கருடையதாக இருக்கும்.

வீடு கொடுக்கிறவரும் சொல்லியாக வேண்டிய விஷயங்கள் உண்டு. சிலவற்றைச் சட்டமே கட்டாயம் ஆக்கியிருக்கிறது. சிலவற்றைச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தகவல் இல்லாவிட்டால் பணம் போவது குடியிருப்பவருக்குத்தான். தமிழ்நாட்டில் வாடகைக்கு இருப்பவர்களை மனதில் வைத்து இரண்டையும் இங்கே பார்ப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "சட்டப்படி நீங்க சொல்லியே ஆகணும்" என்று ஓனரிடம் போய் நின்ற பிறகு, அப்படி ஒரு சட்டம் இல்லை என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் எந்தச் சட்டம் என்பது. நிறையப் பேர் இன்னமும் 'வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்' என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தையே சொல்கிறார்கள். அது போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதனோடு, நாடு முழுவதற்கும் பொதுவான 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் உண்டு. பழைய சட்டம்தான், ஆனால் நமக்கு வேண்டிய மிக முக்கியமான ஒரு வரி அதில்தான் இருக்கிறது.

மறைந்திருக்கும் குறை

அந்த வரி 108-ஆவது பிரிவில், உரிமையாளரின் கடமைகளில் முதலாவதாக வருகிறது. வீட்டை எதற்காக எடுக்கிறோமோ அந்தப் பயன்பாட்டைப் பாதிக்கும் அளவுக்கு ஒரு குறை இருந்து, அது ஓனருக்குத் தெரிந்து, குடிவருபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், ஓனர் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதில் ஒவ்வொரு நிபந்தனையும் முக்கியம். ஹாலில் டைல்ஸ் உடைந்திருக்கிறது என்றால் அது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். பார்த்துவிட்டுத்தான் வந்தீர்கள், அதைப் பற்றி ஓனர் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மொட்டை மாடித் தளத்தில் விரிசல் விட்டு, ஒவ்வொரு ஐப்பசிக்கும் படுக்கையறைச் சுவர் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, பழைய குடித்தனக்காரர் அதற்காகவே காலி செய்துவிட்டுப் போனார், அதன் மேல் புது பெயின்ட் அடித்து உங்களுக்குக் காட்டுகிறார்கள் என்றால், அது வேறு கதை. அதைச் சொல்லாமல் விட அவருக்கு உரிமை இல்லை.

நம் ஊரில் இது இவ்வளவு சகஜமாக நடப்பதற்குக் காரணம் காலண்டர். பள்ளி விடுமுறை என்பதால் பெரும்பாலானோர் வீடு மாறுவது ஏப்ரல், மே மாதங்களில். வடகிழக்குப் பருவமழை வருவது அக்டோபருக்கு மேல். கொளுத்துகிற வெயிலில் எந்தச் சுவரும் ஒழுகாது. வீடு பார்க்கும்போது லாஃப்ட்டின் அடிப்பகுதியையும், பாத்ரூமை ஒட்டிய சுவரின் மறுபக்கத்தையும் பாருங்கள். சுவர் முழுக்க மங்கிய க்ரீம் கலர், ஒரு மூலையில் மட்டும் இரண்டடிக்குப் பளிச்சென்று இருக்கிறது என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. கையை வைத்துத் தடவிப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் பூச்சு பொருமி இருந்தால் மேடு தட்டுப்படும்.

வெள்ளம் கொஞ்சம் சிக்கலான விஷயம். 2015 டிசம்பரில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு வீட்டில் இத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது ஓனருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தத் தெருவுக்கே தெரியும், பக்கத்துக் கடையில் கேட்டாலே சொல்லியிருப்பார்கள், ஆகவே அது மறைந்திருந்த குறை அல்ல என்று அவர் வாதிட இடம் இருக்கிறது. அதனால் இதைச் சட்டத்தின் பொறுப்பில் விடாமல் நாமே நேராகக் கேட்டுவிடுவது நல்லது. போர் தண்ணீருக்கும் இதே நியாயம்தான்: கோடையில் வற்றுமா, உப்பா, லாரித் தண்ணீர் வாங்குவார்களா, வாங்கினால் பணம் யார் கொடுப்பது.

கேட்டால் மட்டும் போதாது, பதில் எழுத்தில் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய கடிதம் எல்லாம் வேண்டாம். வீடு பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் வாட்ஸாப்பில், "சார், மொட்டை மாடி ஒழுகல் எதுவும் இல்லை, 2015-லும் அதற்குப் பிறகும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில்லை என்று சொன்னீர்கள். சரிதானே? நாளைக்கு அட்வான்ஸ் அனுப்புகிறேன்" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால் அது ஒரு பதிவு. பதிலே வராமல் "நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்று போன் வந்தால் அதிலும் தகவல் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 108-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரைக்கும்தான் செல்லும். "வீட்டை உள்ளது உள்ளபடி பார்த்து முழுத் திருப்தியுடன் ஏற்றுக்கொண்டேன்" என்ற வரி நிறைய டைப்பிங் சென்டர் அக்ரிமென்டுகளில் தானாகவே உட்கார்ந்திருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் உங்கள் வாதத்தை நீங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறீர்கள்.

வீடு யாருடையது, சாவி தருகிறவர் யார்

ஓனர் துபாயிலோ அமெரிக்காவிலோ இருப்பார். அவருடைய மைத்துனர், பழைய நண்பர், அல்லது ஒரு நிறுவனம் இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்ளும். இந்த ஆளைச் சொத்து மேலாளர் என்று 2017 சட்டம் சொல்கிறது. அப்படி ஒருவரை வைத்திருந்தால், அவரைப் பற்றிய தகவல்களை ஓனர் உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று 18-ஆவது பிரிவு சொல்கிறது: அவர் பெயர், அவருக்கு ஓனர் அதிகாரம் கொடுத்திருக்கிறார் என்பதற்குச் சான்று, எந்தெந்த வேலைகளுக்கு, எவ்வளவு காலத்துக்கு அந்த அதிகாரம். மேலாளர் ஒரு நிறுவனம் என்றால், அதன் பெயரும், உங்கள் வாடகை விஷயமாக அங்கே யாரைத் தொடர்புகொள்வது என்பதும். வாடகைக்கு விடுவதற்கு அதிகாரம் உள்ளவருக்கு வாடகையை வாங்கவும் அதிகாரம் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அட்வான்ஸைத் திருப்பித் தரும் அதிகாரம் இன்னும் தனி. 'எந்தெந்த வேலைகளுக்கு' என்று சட்டம் கேட்பதன் அருமை, காலி செய்யும்போது "அட்வான்ஸ் எல்லாம் சாரைத்தான் கேட்கணும்" என்று மேலாளர் கையை விரிக்கும் நாளில்தான் புரியும்.

உண்மையில் வீடு யார் பேரில் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. சொத்து வரி ரசீதின் நகல் போதும். அதற்கும் தயங்கினால், பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை நீங்களே பார்க்கலாம். சர்வே எண் அல்லது பத்திர எண் தெரிந்திருந்தால் சில நிமிட வேலை. அதில் யாரிடமிருந்து யாருக்கு வீடு கைமாறியது என்று தெரியும். வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தால், 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவும் பொதுவாக இருக்கும்.

மாத வாடகைக்குப் போகிறவர்கள் அந்தக் கடன் பதிவைக் கண்டு பயப்பட வேண்டாம். வீட்டுக் கடன் இல்லாத ஃபிளாட் அபூர்வம். லீஸுக்குப் போகிறவர்கள்தான், அதாவது ஒத்திக்கு என்று ஐந்து லட்சம் பத்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பவர்கள்தான், நன்றாக யோசிக்க வேண்டும். ஓனர் தவணை கட்டாமல் விட்டு வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தால், நீங்கள் கொடுத்த பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. ஓனரைத் தேடிப் போக வேண்டியதுதான். ஏற்கெனவே லீஸுக்கு இருக்கிற ஒருவர் தன்னை ஓனர் என்று சொல்லிக்கொண்டு இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டுப் பணத்தோடு மறைவதும் நடக்கிறது. லீஸ் என்றால் வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அக்ரிமென்ட்

2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். வாய்ப்பேச்சு கணக்கில் வராது. இருவரும் கையெழுத்திட்ட பிறகு, அசல் பிரதி ஒன்றை ஓனர் 15 நாட்களுக்குள் உங்களுக்குத் தர வேண்டும். அசல் என்பதைக் கவனியுங்கள். "ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும், நீங்க ஜெராக்ஸ் வச்சுக்கங்க" என்பதுதான் வழக்கம். வழக்கம் அப்படி இருக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. இரண்டு அசலாகத் தயார் செய்யச் சொல்லுங்கள், முத்திரைத்தாள் செலவு கூடினாலும் பரவாயில்லை.

அதோடு, அந்த ஒப்பந்தத்தை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி மாவட்ட ஆட்சியரால் இதற்கென்று நியமிக்கப்பட்டிருப்பார். பதிவு செய்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். இங்கேதான் பெரிய குழப்பம். பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்தப் பதினோரு மாதக் கணக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யும் பதிவைப் பற்றியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கேட்பது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொன்று. பதினோரு மாதமானாலும் அது உண்டு.

நடைமுறையில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வட்டத்தில் மிகக் குறைவு. ஓனர்கள் வருமானம் வெளியே தெரியுமே என்று தயங்குகிறார்கள், குடியிருப்பவர்கள் எதற்கு வம்பு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் தகராறு என்று வந்தால் பதிவாகாத ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டுவது கஷ்டம். பதிவு எண் கேட்பது உங்கள் உரிமை என்பதையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்

அட்வான்ஸ் பற்றி வாட்ஸாப்பில் அடிக்கடி சுற்றுவது, "இனிமேல் இரண்டு மாத அட்வான்ஸ்தான் வாங்க வேண்டும், மீறினால் புகார் செய்யலாம்" என்பது. அது 2021-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில் இருப்பது. மாதிரி என்றால் மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம் என்று அர்த்தம். தமிழ்நாட்டுச் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. அதுவும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற பழைய பழக்கம் இன்னும் உயிரோடு இருப்பது இந்த ஓட்டையால்தான். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, மீதியைத் திருப்பித் தர வேண்டும். என்னென்ன கழிப்பார் என்பதை உள்ளே போகும்போதே எழுதி வாங்குங்கள். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்பதை வெளியே வரும் நாளில் முதல் தடவையாகக் கேள்விப்படுவது கொடுமை.

வாடகையை உயர்த்துவதானால் மூன்று மாதம் முன்பே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸ் வந்தபிறகு நீங்கள் காலி செய்வதாகச் சொல்லாமல் இருந்தால், புது வாடகைக்குச் சம்மதித்ததாகவே அர்த்தம். வாடகை கொடுத்தால் கையெழுத்திட்ட ரசீது கேட்டு வாங்கலாம்; ரொக்கமாகக் கொடுப்பவர்கள் இதை விடவே கூடாது.

இனி வருமான வரி. இது நிறையப் பேருக்குப் பிப்ரவரி மாதம்தான் ஞாபகம் வரும். பழைய வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கேட்பவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சில ஓனர்கள் தரமாட்டார்கள். குடிபோன பிறகு இதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு, ஒப்பந்தத்திலேயே எண்ணைப் போட்டுவிடுங்கள். மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் 2 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவது உங்கள் வேலை.

ஓனர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் நிலைமை இன்னும் தீவிரம். அங்கே 50,000 என்ற வரம்பெல்லாம் கிடையாது. வாடகை எவ்வளவாக இருந்தாலும் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்து வரித்துறைக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் ஓனருக்கு அனுப்ப வேண்டும். பிடிக்காமல் விட்டால் வரித்துறை உங்களைத்தான் கேட்கும். "சார் சிங்கப்பூர்ல இருக்காரு, வாடகையை அவங்கம்மா அக்கவுன்ட்ல போட்டுடுங்க" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். பத்திரம் யார் பேரில், அவர் வரிக்கணக்கில் உள்நாட்டவரா வெளிநாட்டவரா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கரன்ட் பில்

வாடகைச் சட்டத்தில் இதற்கென்று விளக்கமான விதி எதுவும் இல்லை. ஆனால் மாதா மாதம் மனஸ்தாபம் வருவது இதில்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் விலை நிரலே மாறிவிடும். இப்போது ஓனர் வீடு கீழே, உங்கள் போர்ஷன் மேலே, இரண்டுக்கும் ஒரே இணைப்பு, உங்களுக்கு ஒரு சப்-மீட்டர் என்று வையுங்கள். "யூனிட்டுக்கு எட்டு ரூபாய்" என்பார். உங்கள் சப்-மீட்டர் இரண்டு மாதத்துக்கு 180 காட்டினால் 1,440 ரூபாய் ஆகிவிடும். உங்களுக்கென்று தனி இணைப்பு இருந்தால் அதே 180 யூனிட்டில் 100 இலவசமாகப் போய், மீதி 80-க்கும் குறைந்த விலைதான். பில் அதன் பக்கத்தில்கூட வராது.

ஆகவே கேட்க வேண்டியவை: தனி இணைப்பா, யார் பேரில், இணைப்பு எண் என்ன. எண் தெரிந்தால் மின்வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே பில்லைப் பார்த்துக் கட்டலாம், பழைய குடித்தனக்காரர் வைத்துப் போன பாக்கி இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். சப்-மீட்டர்தான் என்றால், என்ன விலை, மோட்டார் கரன்ட் யார் கணக்கு, மாடிப்படி லைட் யார் கணக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. ஒன்று மட்டும் நிச்சயம்: பாக்கி, தகராறு என்று எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரையோ மின்சாரத்தையோ ஓனர் தானாக நிறுத்த முடியாது. 2017 சட்டம் அதைத் தடை செய்கிறது.

ரிப்பேர், வருகை, கைமாற்றம்

எதை யார் சரிசெய்வது என்பதற்குச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் ஒரு பிரிவினை இருக்கிறது. கட்டட அமைப்பைச் சேர்ந்த வேலை, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றம், ஒயரிங் எல்லாம் ஓனர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், வாஷ்பேசின், பூட்டு, கொசுவலை, உடைந்த கண்ணாடி எல்லாம் உங்கள் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்பதால், எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓனர் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் சொந்த வீடாகவே இருந்தாலும் மாற்றுச்சாவி போட்டுத் திறந்துகொண்டு வர முடியாது.

நீங்கள் குடியிருக்கும்போதே வீட்டை விற்றுவிட்டால், புது ஓனர் யார் என்பதை யாராவது உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். விற்ற விஷயம் தெரியாமல் பழைய ஓனருக்கே வாடகை அனுப்பியிருந்தால், அதே மாதத்துக்கு மறுபடி கொடுக்கத் தேவையில்லை என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு பாதுகாக்கிறது. வாடகைக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. அட்வான்ஸை இப்போது யார் வைத்திருக்கிறார் என்பதைப் பழையவர், புதியவர் இருவரிடமும் அந்த வாரமே எழுதி வாங்குங்கள். பழையவர் கைமாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார், புதியவர் தனக்கு எதுவும் வரவில்லை என்பார். பத்திரம் முடிந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால் இரண்டு பேருமே போனை எடுக்கமாட்டார்கள்.